எவர்சில்வர் பெட்டி

கொத்தனாருக்கு வலது முழங்கால் மடங்காது. இடது முழங்கால் மடங்கினால் நிமிராது. ஆகவே தரையில் உட்காரும் வேலை வந்தால் வலது காலை நீட்டி, இடது காலை மடக்கி எப்படியோ உட்கார்ந்துவிடுவார். முடிந்ததும் யாராவது வந்து தூக்கிவிடும்வரை அப்படியே காத்திருப்பார். அந்தத் திங்கட்கிழமை காலையில், வணிக வளாகத்தின் நடு முற்றத்தில், தண்ணீர் நின்று ஏழு வருடமான நீரூற்றின் ஓரத்தில், பெயர்ந்த தரை ஓடு ஒன்றைப் பதித்துவிட்டு அவர் காத்திருந்தபோதுதான் மேனேஜர் வந்தார். தூக்கிவிடவில்லை.

"கொத்தனாரே, நீங்க உக்காந்திருக்கிற இடத்துக்குக் கீழ ஒரு பெட்டி இருக்கு, ஞாபகம் இருக்கா?"

கொத்தனாருக்கு முழங்கால் வலி சட்டென்று மறந்துபோனது.

"பெட்டியா சார்?"

"எவர்சில்வர் பெட்டி. பெரிய முதலாளி புதைச்சு வெச்சது. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சுத் திறக்கணும்னு கல்வெட்டுலயே எழுதியிருக்கு. வர்ற வெள்ளிக்கிழமையோட இருபத்தஞ்சு முடியுது. சின்ன முதலாளி வந்து திறக்கப்போறாரு. நீங்கதான் எடுத்துக் குடுக்கணும்."

"நானா?"

"நீங்கதானே புதைச்சீங்க."

சிக்கலே அதுதான். கொத்தனார் அந்தப் பெட்டியைப் புதைக்கவில்லை. இருபத்தைந்து வருடமாக அது அவர் வீட்டுச் சமையலறையில் இருக்கிறது. அவர் மனைவி அதன்மேல் உட்கார்ந்துதான் வெங்காயம் நறுக்குகிறாள்.

"இன்னொரு விஷயம்," என்று மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "மாசக் கடைசியில பராமரிப்பு வேலை வேற கம்பெனிக்குப் போகுது. இருக்கிற அஞ்சு பேர்ல ஒருத்தரைத்தான் வெச்சுக்கச் சொல்லியிருக்காங்க. பெட்டி முழுசா வெளிய வந்துச்சுன்னா அந்த ஒருத்தர் நீங்க. வரலைன்னா நான் என்ன பண்றது, சொல்லுங்க."

ஐம்பத்தெட்டு வயதில், மடங்காத காலும் நிமிராத காலும் கொண்ட ஓர் ஆளை வேறெந்த வேலையிலும் சேர்க்கமாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். மேனேஜர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த அளவுக்கு நல்ல மனிதர்தான்.

நடந்தது இதுதான். இந்த வளாகத்தைக் கடைசிக் கட்டத்தில் கட்டி முடித்தவர்கள் முப்பத்தெட்டுப் பேர். ஆளுக்கொரு பித்தளை வில்லை கொடுத்திருந்தார்கள். அதில் எண் இருக்கும். கூப்பிடுவதும் எண்ணை வைத்துத்தான். கொத்தனார் பதினேழு. திறப்புவிழா நெருங்க நெருங்க வேலை கூடியது, கூலி நின்றது. "இன்னிக்குச் சாயங்காலம் குடுத்துடறோம்" என்று கணக்குப்பிள்ளை தினமும் சொன்னார். சாயங்காலமும் தினமும் வந்தது. கூலிதான் வரவில்லை. நாற்பத்தொரு நாள்.

விழாவுக்கு முந்தின நாள் பெரிய முதலாளி அந்தப் பெட்டியைக் கொத்தனார் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். வரப்போகிறவர்களுக்கு வளாகத்தின் நினைவுகள் என்றார். மூடியை நான்கு பக்கமும் பற்றவைத்திருந்தார்கள். படம் எடுத்ததும் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். குழிக்கருகே கொத்தனாரும் கலந்து வைத்த கான்கிரீட்டும் பெட்டியும் மட்டும் இருந்தன. அவர் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். கனமான தகடு. இதைப் போய் மண்ணுக்குள் போடுகிறார்களே என்று முதலில் வயிறு எரிந்தது. பிறகு நாற்பத்தொரு நாள் ஞாபகம் வந்தது. ஒரு காலி பெயின்ட் டப்பாவில் ஜல்லியை நிரப்பிக் குழியில் இறக்கினார். கான்கிரீட்டை ஊற்றி, மேலே தரை ஓடு பதித்தார். பெட்டியைச் சிமென்ட் சாக்கில் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குப் போனார்.

திருட்டு என்று அவர் நினைக்கவில்லை. கூலியில் ஒரு பகுதி என்று நினைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலமும் கூலி வரவில்லை. கணக்குப்பிள்ளை பேயறைந்த முகத்தோடு வந்து நின்றார். வாயையே திறக்கவில்லை. மறுநாள் வளாகம் திறந்தது. முப்பத்தெட்டுப் பேரும் அழுக்குச் சட்டையோடு வந்தார்கள் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மூன்று வாரம் கத்திப் பார்த்தார்கள். பிறகு பசி அவரவரை ஒவ்வொரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. கொத்தனார் மட்டும் பராமரிப்பு வேலைக்குத் தலையாட்டிவிட்டு உள்ளேயே தங்கினார். மற்றவர்கள் அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை.

"சார்," என்றார் கொத்தனார். "இருபத்தஞ்சு வருஷம் மண்ணுக்குள்ள இருந்தா எதுவும் மிஞ்சாதே. துருவேறி உதிர்ந்துபோயிருக்கும்."

"எவர்சில்வர் துருப்பிடிக்காது."

"எந்த இடம்னும் எனக்குச் சரியா நெனப்பு இல்ல. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா..."

"அப்படியா," என்றார் மேனேஜர். "சரி, நான் பார்த்துக்கறேன்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று கொத்தனாருக்குச் செவ்வாய்க்கிழமை தெரிந்தது. அன்று காலை, காதில் எதையோ மாட்டிக்கொண்டு, நீண்ட கம்பின் நுனியில் தட்டு ஒன்றைப் பொருத்திக்கொண்டு ஓர் ஆள் வந்திருந்தான். மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தைக் கண்டுபிடிக்கிற கருவியாம். நீரூற்றைச் சுற்றி நடந்தான். இருபத்தைந்து வருடத்துக்கு முன் பெயின்ட் டப்பாவை இறக்கிய அதே இடத்தில் கருவி கீச்சிட்டது.

"இருக்கு சார். மூணடி ஆழம்."

மேனேஜர் சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கல் குறி போட்டார். "இப்ப நெனப்பு வந்துச்சா கொத்தனாரே?"

"வந்துடுச்சு சார்."

"அப்ப வேற எதாச்சும் பெட்டிய..." என்று கொத்தனார் மனதுக்குள் ஆரம்பித்ததையும் மேனேஜரே முடித்துவைத்தார். வரலாற்றுச் சுவர் என்று ஒன்று தயாராகியிருந்தது. அங்கே அழைத்துப் போனார்.

ஆளுயரத்தில் எட்டுப் பலகைகள். எட்டு மூடிய கடைகளின் முன்னால் நிறுத்தியிருந்தார்கள். முதல் பலகையில் நகரும் படிக்கட்டு. அந்த நாளில் ஜனங்கள் ஒன்றும் வாங்கமாட்டார்கள். அதில் ஏறி இறங்கத்தான் குடும்பம் குடும்பமாக வருவார்கள். மூன்றாவது பலகையில் சினிமா அரங்கு. அதற்கு முன்னால் நின்ற வரிசையின் படம். ஐந்தாவதில் பொம்மைக்கடை. பெரிய சாலையில் இதைப்போல் நாலு மடங்கு வளாகம் ஒன்று வந்தது பலகையில் இல்லை. ஜனங்கள் வீட்டில் படுத்தபடி கைபேசியில் செருப்பு வாங்க ஆரம்பித்தது இல்லை. கூரை ஒழுகி மூன்று கடைக்காரர்கள் ஒரே நாளில் காலிசெய்தது இல்லை. கீழ்த்தளத்தில் ஒரு பல் மருத்துவரும் முதல் தளத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடமும் இரண்டாம் தளத்தில் புறாக்களும் மட்டும் மிஞ்சியதும் இல்லை. பொம்மைக்கடையின் படத்துக்குப் பின்னால் பொம்மைக்கடையின் துருப்பிடித்த ஷட்டர் இருந்தது.

எட்டாவது பலகையில் கொத்தனார் இருந்தார். முப்பத்துமூன்று வயது, இரண்டு கால்களும் மடங்கும். கையில் பெட்டி. பெட்டியின் மூலைகளில் முக்கோணமாக மடித்த தகடு, பக்கத்தில் வளாகத்தின் சின்னம் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. இதே மாதிரி இன்னொன்று செய்து ஏமாற்ற முடியாது. படத்தின் கீழே எழுதியிருந்தது: 'நினைவுப் பெட்டியைப் பெயர் தெரியாத தொழிலாளி ஒருவரிடம் ஒப்படைக்கிறார் நம் நிறுவனர்.'

"சார், இது நான்தானே?"

"நீங்கதான்."

"பேரு தெரியாதுன்னு போட்டிருக்கே."

"அச்சடிச்சாச்சு, கொத்தனாரே," என்றார் மேனேஜர் வருத்தமாக.

புதன்கிழமை கொத்தனார் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் பெட்டியின்மேல்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"இதை எடுத்துட்டா நான் எதுல உக்கார்றது?"

"நாற்காலி வாங்கித் தரேன்."

"இருபத்தஞ்சு வருஷமா வாங்கித் தர்றீங்க."

அவளுக்கு இடுப்பு சரியில்லை. கீழேயும் உட்கார முடியாது, உயரத்திலும் உட்கார முடியாது. அந்தப் பெட்டியின் உயரம் அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

"வேலை போயிடும்டி."

"போனா என்னை மாதிரி நீங்களும் வீட்டுல உக்காருங்க. ஆனா எதுல உக்காருவீங்க, அதைச் சொல்லுங்க." கத்தியைக் கீழே வைத்தாள். "ஏங்க, உள்ள என்னதான் இருக்கு? ஒரு நாளாச்சும் பார்த்தீங்களா? ஆட்டினா பேப்பர் சத்தம் கேக்குது."

"பேப்பர்தான். பெரிய மனுஷங்க, பின்னால வர்றவங்களுக்கு எழுதிவெச்ச நல்ல வார்த்தை."

"நல்ல வார்த்தைய எதுக்கு இப்படிப் பத்தவெச்சு அடைக்கணும்?"

"உடைச்சா உக்கார முடியாதுன்னு நீதானே தொடவிடல."

அது உண்மைதான் என்பதால் அவள் பேச்சை மாற்றினாள். "இதுல உக்காந்துதான் கம்பி கட்டுற அண்ணன் அழுதாரு. ஞாபகம் இருக்கா? அவரு வீட்டு அக்காவ ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு, பதினேழு, உன்கிட்ட எதாச்சும் இருக்கான்னு கேட்டாரு. நாம டீ போட்டுக் குடுத்தோம். சக்கரைகூட இல்ல."

"இப்ப எதுக்கு அது."

"அந்த அக்கா வீட்டுக்குத் திரும்பவே இல்ல. அதுக்குத்தான்."

கம்பி கட்டுகிறவர் பதினெட்டாம் எண். சம்பள வரிசையில் கொத்தனாருக்குப் பின்னால் நிற்பவர். நாற்பத்தொரு நாள் கூலி வந்திருந்தால் ஆஸ்பத்திரிக்குக் கட்டியிருப்பார். கொத்தனார் எழுந்து கடைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வாங்கி வந்தார். மனைவி நம்பிக்கையில்லாமல் அதில் உட்கார்ந்தாள். ஸ்டூல் ஒரு நிமிடம் யோசித்தது. பிறகு நான்கு காலையும் நான்கு பக்கம் விரித்துக்கொண்டு படுத்துவிட்டது.

அவளைத் தூக்கிவிட அரைமணி நேரமானது. ஏனென்றால் தூக்கக் குனிந்த கொத்தனாரையும் யாராவது தூக்கிவிட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வந்து இருவரையும் தூக்கினார். மனைவி நேராகப் போய்ப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள்.

"இதை எடுக்கணும்னா என்னையும் சேர்த்து எடுத்துட்டுப் போய்ப் புதைங்க."

வளாகத்தில் மூடிக்கிடந்த செருப்புக்கடைக்குள் ஒரு பெஞ்சு இருந்தது. அளவு பார்க்க உட்காருவது. மெத்தை போட்டது. உயரமும் சரியாக இருக்கும். வியாழக்கிழமை காலையில் கொத்தனார் சாவி போட்டுத் திறந்து அதை எடுத்துக் குப்பைவண்டியில் ஏற்றிப் பின்வாசலுக்குத் தள்ளிப்போனார். பின்வாசலில் விசில் நின்றான். காவலாளி. வண்டி நிறுத்துமிடத்தில் பின்னால் வரும் கார்களுக்கு விசில் ஊதி ஊதி அந்தப் பெயர் வந்தது. இப்போது கார்கள் வருவதில்லை. பெயர் மட்டும் இருந்தது.

"இது எங்க போகுது?"

"ரிப்பேருக்கு."

விசில் பெஞ்சைச் சுற்றிவந்து பார்த்தான். அழுத்திப் பார்த்தான். உட்கார்ந்தும் பார்த்தான். "நல்லாத்தானே இருக்கு."

"உள்ள ஸ்பிரிங்கு போயிடுச்சு."

விசில் வாசல் நோட்டில் எழுதினான்: பெஞ்சு ஒன்று, ரிப்பேருக்கு. "இன்னிக்கே திரும்ப வரணும். வெள்ளிக்கிழமை விழா. நோட்டுல எதுவும் பாக்கி நிக்கக்கூடாதுன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு."

மனைவிக்குப் பெஞ்சு பிடித்துப்போனது. பிடித்துப்போனதைக் காட்டிக்கொள்ளாமல், "நமக்கு வந்ததெல்லாம் அந்த எடத்துலேர்ந்து வந்ததுதான்," என்றாள். கொத்தனார் பெட்டியைச் சாக்கில் சுருட்டிக் குப்பைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு திரும்பினார். இருபத்தைந்து வருடத்துக்கு முன் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். இப்போது வழியில் நான்கு இடத்தில் நின்றார்.

விசில் சாக்கை விலக்கிப் பார்த்தான்.

"இது என்ன?"

"பெஞ்சு."

"போனப்போ நாலு கால் இருந்துச்சு."

"ரிப்பேர் பண்ணிட்டாங்க."

விசில் அவர் முகத்தைப் பார்த்தான். ஐந்து பேரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்பது அவனுக்கும் தெரியும். அந்த ஐந்தில் அவனும் ஒருவன். ஆனாலும் எழுதினான்: பெஞ்சு வந்தது. "உங்க முட்டிக்காக எழுதறேன் கொத்தனாரே. நான் வேற எங்கயாச்சும் போய் ஊதிப்பேன்."

நீரூற்றின் மோட்டார் அறையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் கொத்தனாருக்கு விபரீதம் புரிந்தது. மண்ணுக்குள் இருந்த பெட்டி மாதிரி அது இல்லை. மேலே கத்தி பட்ட கீறல்கள். ஒரு மூலையில் சூடான பாத்திரம் வைத்த வட்டம். ஒரு பக்கம் முழுவதும், மகள் ஐந்து வயதில் ஆணியால் கீறிய அ, ஆ, இ, ஈ. ஈ-யோடு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். கத்திக் கீறல்கள் மறைந்தன; ஆணி எழுத்துகள் லேசாக நின்றன. ஆனால் பெட்டி பளபளவென்று, நேற்றுக் கடையில் வாங்கியது மாதிரி ஆகிவிட்டது. பளபளப்பைப் போக்கச் சிமென்ட் பாலைக் கரைத்துப் பூசினார். காய்ந்ததும் துணியால் துடைத்தார். மற்ற இடத்தில் சிமென்ட் உதிர்ந்தது. எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் இறுகிப் பிடித்துக்கொண்டது. முன்பு உற்றுப் பார்த்தால்தான் தெரியும். இப்போது முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்தே வெள்ளை வெளேரென்று அ, ஆ, இ, ஈ தெரிந்தது. சுரண்டினால் இன்னும் ஆழமானது.

எழுத்துப் பக்கத்தைக் கீழே வைத்துப் புதைத்துவிடலாம் என்று முடிவு செய்தார். அதற்கு மேல் அவரிடம் யோசனை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு, மேலே உள்ள தரை ஓடுகளை எடுத்துத் தயார் செய்கிறேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுத் தோண்ட ஆரம்பித்தார். கான்கிரீட்டை உடைத்து இரண்டடி தோண்டினார். கீழே இருந்த பெயின்ட் டப்பாவை எடுக்க இன்னும் ஓரடி தோண்டவேண்டும். முழங்கால்கள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து மறுத்தன. பெட்டியை இறக்கி, மணல் போட்டு, மேலே மெல்லிசாகக் கலவை பூசினார். ஒன்பது மணிக்கு விசில் வந்து தூக்கிவிட்டான். குழியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

"பெஞ்சு உள்ள போயிடுச்சு போல," என்றான்.

பதினோரு மணிக்கு விழா. நாற்பது நாற்காலி போட்டு இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். பல் மருத்துவர், உடற்பயிற்சிக்காரர்கள், பழைய கடைக்காரர்கள் சிலர். முதல் வரிசையில், சக்கர நாற்காலியில், அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை. எண்பதைத் தாண்டியவர். நிறுவனரோடு வேலை செய்தவர்களில் மிஞ்சியிருப்பவர் என்று மேனேஜர் தேடிப்பிடித்து அழைத்திருந்தார். வந்ததிலிருந்து அவர் நீரூற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொத்தனார் கடப்பாரையால் இரண்டு தட்டுத் தட்டினார். கலவை அப்பளமாக உடைந்தது. "கான்கிரீட்டு பலமாத்தான் போட்டிருக்கீங்க," என்றார் உடற்பயிற்சிக்காரர் ஒருவர். விசில் இறங்கிப் பெட்டியைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில், சின்ன முதலாளிக்கு நேராக, எழுத்துப் பக்கத்தைத் திருப்பிவிட்டான்.

கொத்தனார் கண்ணை மூடிக்கொண்டார்.

"அ, ஆ, இ, ஈ," என்று சின்ன முதலாளி மெதுவாகப் படித்தார். "அப்பா எப்பவும் சொல்வாரு. வியாபாரத்துல தினமும் முதல் எழுத்துலேர்ந்து தொடங்கணும்னு. அதைப் பெட்டியிலயே பொறிச்சு வெச்சிருக்காரு பாருங்க."

கைதட்டினார்கள். கொத்தனார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"சார்," என்றான் கருவிக்காரன். அவனையும் விழாவுக்கு அழைத்திருந்தார்கள். "கீழ இன்னும் சத்தம் வருது."

தோண்டினார்கள். ஜல்லி நிரம்பிய பெயின்ட் டப்பா வந்தது. மேனேஜர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "வளாகம் கட்டின அசல் ஜல்லி," என்று அறிவித்தார். "அடையாளத்துக்குக் கொஞ்சம் எடுத்து வெச்சிருக்காங்க." அதற்கும் கைதட்டினார்கள். இந்த மனிதர்களை ஏமாற்ற இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டியதே இல்லை என்று கொத்தனாருக்குத் தோன்றியது.

வரவழைத்திருந்த பற்றவைப்பவர் அறுக்கும் சக்கரத்தால் மூடியை அறுத்தார். உள்ளே மேலாக ஒரு செய்தித்தாள். பிறகு ஒரு குழுப்படம். அதில் கொத்துவேலை செய்த ஒருவரும் இல்லை. பிறகு நிறுவனர் கையெழுத்திட்ட கடிதம். மேனேஜர் உரக்கப் படித்தார்.

"இந்த வளாகத்தைக் கட்டி எழுப்பிய கைகளுக்கு நாங்கள் என்றென்றும் கடன்பட்டிருக்கிறோம்."

மூன்றாவது முறை கைதட்டல். மேனேஜர் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு கொத்தனார் பக்கம் சாய்ந்தார். "உங்க பேரைக் குடுத்துட்டேன். அந்த ஒருத்தர் நீங்கதான். பலகையிலயும் ஒட்டுத்தாள் போட்டு உங்க பேரை எழுதிடலாம்."

கொத்தனாருக்கு ஐந்து நாளில் முதல்முறையாக மூச்சு முழுதாக வந்தது. அப்போது சின்ன முதலாளி பெட்டியின் அடியிலிருந்து கட்டு ஒன்றை எடுத்தார். பழுப்புநிற உறைகள். நூல் சுற்றியிருந்தது. ஒவ்வோர் உறையின் மேலும் நீலப் பென்சிலால் ஓர் எண். ஒன்று, இரண்டு, மூன்று. கடைசி உறையில் முப்பத்தெட்டு.

ஓர் உறையைப் பிரித்தார். பணம். செல்லாது என்று அறிவித்து ஒன்பது வருடமான பழைய நோட்டுகள்.

"என்ன தொலைநோக்கு," என்றார் மேனேஜர். "இந்த நோட்டெல்லாம் ஒரு நாள் காட்சிப்பொருளாகும்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கு. சார், வந்தவங்களுக்கு ஆளுக்கொண்ணு நினைவுப் பரிசாக் குடுத்துடலாமா?"

கொடுத்தார்கள். பதினெட்டாம் எண் பல் மருத்துவருக்குப் போனது. அவர் பிரித்துப் பார்த்துவிட்டு, முற்றத்தில் புழுக்கமாக இருந்ததால், அதை வைத்து விசிறிக்கொண்டார்.

கொத்தனார் அந்த விசிறலையே பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தார்கள். கணக்குப்பிள்ளை. மடியில் ஓர் உறை இருந்தது. அதை நீட்டினார்.

"பதினேழு நீதானேப்பா? கேட்டு வாங்கி வெச்சேன்."

கொத்தனார் வாங்கவில்லை. "இது என்னங்கய்யா?"

"என்னவா? உங்க கூலி." கிழவர் உறையை இன்னும் அருகே நீட்டினார். "அன்னிக்குச் சாயங்காலம் குடுக்க எண்ணி உறையில போட்டு வெச்சிருந்தேன். காலையில வரிக்காரனுங்க திடுதிப்புன்னு வந்துட்டானுங்க. கணக்குல வராத பணம். கையில கெடைச்ச பெட்டிக்குள்ள, பேப்பருக்கு அடியில தள்ளிட்டு அவனுங்களுக்குப் பதில் சொல்லப் போனேன். நான் இல்லாத நேரத்துல மூடியப் பத்தவெச்சு, படத்தையும் எடுத்து உன்கிட்டக் குடுத்துட்டாங்க. நாலு மணிக்கு ஓடிவர்றேன், நீ ஓடே பதிச்சு முடிச்சிருக்கே. முதலாளிகிட்டச் சொன்னேன். ஒருதடவை குடுத்துட்டேன், ரெண்டாந்தடவை குடுக்கமாட்டேன், நாளைக்குத் திறப்புவிழாவ வெச்சுக்கிட்டு நடு முற்றத்த உடைக்கவும் மாட்டேன்னுட்டாரு. வெளிய சொன்னா வரிக்காரன் திரும்ப வருவான். நான் வாயப் பொத்திக்கிட்டேன்."

கொத்தனாரின் இடது கால் தானாக மடங்கியது. அவர் நீரூற்றின் விளிம்பில் உட்கார்ந்தார்.

கிழவர் உறையை அவர் மடியில் வைத்தார். அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"உன்னை மாதிரி ஒரு யோக்கியன் கையில போய் மாட்டினது நம்ம எல்லார் தலையெழுத்துப்பா, உங்கள்ல எவனாச்சும் ஒரு திருட்டுப்பய அன்னிக்கு அந்தப் பெட்டிய வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய் உடைச்சுப் பார்த்திருந்தான்னா, முப்பத்தெட்டுப் பேருக்கு நாப்பத்தொரு நாள் கூலி இன்னிக்கும் பாக்கி நிக்காது."